பிள்ளைகளுக்கு வரும் தட்டை மரு: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

சிறு பிள்ளைகள், பதின்பருவத்தினரின் முகத்திலும் கைகளிலும் வரும் தட்டை மரு பற்றிய கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் எங்கள் தோல் மருத்துவர்கள் பதில் சொல்கிறார்கள். மருந்துகளின் பெயரும் அளவும் ஆங்காங்கே வரும். உங்கள் பிள்ளையின் தோலை நேரில் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால், அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. நெற்றியில் இருபது, முப்பது பொடிப்பொடியாகக் கிளம்பியிருக்கிறது. தடவினால் லேசான சொரசொரப்பு, அவ்வளவுதான். வலியோ அரிப்போ இல்லை. பரு என்கிறார் ஒருவர், வேர்க்குரு என்கிறார் இன்னொருவர், மரு என்கிறார் மூன்றாமவர். வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். அறை விளக்கை அணைத்துவிட்டு, மகளைக் கண்ணை மூடச் சொல்லி, செல்போன் டார்ச்சை நெற்றியின் பக்கவாட்டில் வைத்து, வெளிச்சம் நெற்றியின் குறுக்கே ஓடும்படி பிடியுங்கள். நேருக்கு நேர் அடித்தால் தட்டை மரு கண்ணுக்கே தெரியாமல் போகும். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் சின்ன நிழலோடு எழுந்து நிற்கும். உச்சி தட்டையாக, விளிம்பு தெளிவாக, 1 முதல் 5 மில்லிமீட்டர் அகலத்தில், தோல் நிறத்திலோ இளம்பழுப்பாகவோ இருந்தால் அநேகமாகத் தட்டை மருதான். நாலைந்து சேர்ந்து ஒரே கோட்டில் நின்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். நகம் கீறிய தடத்தில் வைரஸ் இறங்கி, அந்தக் கீறலின் நீளத்துக்கு முளைத்திருக்கிறது என்று பொருள்.

பரு இப்படி ஒரே சீராக இருக்காது. ஒன்று சிவந்திருக்கும், ஒன்று சீழ் கட்டியிருக்கும், ஒன்றில் கறுப்பு முனை தெரியும். எட்டு வயதில் நெற்றி நிறைய பரு வருவதும் வழக்கமில்லை. வேர்க்குரு குளிர்ச்சியான இடத்தில் இருந்தால் சில நாளில் வடிந்துவிடும். மரு மாதக்கணக்கில் அசையாது. மொலஸ்கம் என்ற இன்னொரு வைரஸ் கட்டி குழந்தைகளிடம் சகஜம். அது உருண்டையாக, முத்துப் பளபளப்போடு இருக்கும். நடுவில் ஒரு சின்னக் குழி விழுந்திருக்கும்.

ஏமாற்றக்கூடியவை வேறு சிலவும் உண்டு. லைக்கன் நிட்டிடஸ் என்பது 1, 2 மில்லிமீட்டர் அளவில், எல்லாம் அச்செடுத்தாற்போல ஒரே அளவாக, மினுமினுப்பாக முன்கை, வயிறு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் வரும். அதுவும் கீறலில் வரிசை கட்டும் என்பதால் வரிசையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பதின்பருவப் பெண்களுக்குக் கீழ் இமையில் மட்டும் இருந்தால் அது சிரிங்கோமா என்ற வியர்வைச் சுரப்பிக் கட்டியாக இருக்கலாம். மூக்கை ஒட்டி இரு கன்னத்திலும் சிவந்த கட்டிகள் வந்து, பிள்ளைக்கு வலிப்பும் இருந்தால், மரு என்று நினைத்துக் காலம் கடத்தாமல் உடனே காட்ட வேண்டும்.

தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் என்ற பெரிதாக்கும் கருவியை வைத்துப் பார்ப்பார். பழுப்பும் மஞ்சளும் கலந்த தளத்தில் நுண்ணிய சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் விஷயம் முடிந்தது. சதை எடுத்துப் பரிசோதிக்கும் அவசியம் அபூர்வமாகத்தான் வரும். ஊசியால் குத்தியோ நகத்தால் கிள்ளியோ சோதிக்காதீர்கள். குத்திய இடத்தைச் சுற்றிப் புதிதாக நாலு முளைக்கும்.

கேள்வி: வீட்டில் யாருக்கும் மரு இல்லை, சுத்தபத்தமாகத்தான் இருக்கிறோம். என் பையனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

பதில்: சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளாக இருக்கிறது. தட்டை மருவைக் கொண்டுவருபவை பெரும்பாலும் அதில் 3, 10 என்ற எண்ணுள்ள வகைகள். கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாக இது மேல்தோலின் அடியடுக்குக்குப் போய்விடுகிறது. ரத்தத்தில் கலப்பதில்லை, செல்களை உடைத்து அமளி செய்வதுமில்லை. அதனால் உடம்பின் நோய் எதிர்ப்பு அணிக்குத் தகவல் போகவே நாளாகிறது. தொற்றியதற்கும் மரு தெரிவதற்கும் நடுவே சில வாரமும் ஆகலாம், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஆகவே யாரிடமிருந்து வந்தது என்று துப்பறிவதில் பயனில்லை. தொற்றக் கொடுத்த பிள்ளைக்கே இப்போது மரு மறைந்து போயிருக்கலாம்.

கேள்வி: ஆறு வயது மகனுக்குப் புறங்கையிலும் முழங்காலிலும் தட்டை மரு. "ஒன்றும் செய்ய வேண்டாம், போய்விடும்" என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். மருந்தே எழுதித் தராமல் அனுப்பியது எங்களுக்குத் திருப்தியாக இல்லை.

பதில்: உங்கள் மருத்துவர் சொன்னது சரியான வைத்தியம். பிள்ளைகளுக்கு வரும் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே மறைகின்றன. தானாக மறையும் மரு தழும்பு விடுவதில்லை. அது மேல்தோலுக்குள்ளேயே இருப்பதால், போகும்போது அடித்தோலில் ஒரு தடமும் இருக்காது. தழும்பு விழுந்த பிள்ளைகளைப் பார்த்தால், பெரும்பாலும் அது மருவால் வந்ததல்ல, மருவுக்குச் செய்ததால் வந்தது. ஆறு வயதில், கையிலும் காலிலும், வலியில்லாத மருவுக்குக் காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆனால் காத்திருப்பதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குக் கூடியதும் தெரியாது, குறைந்ததும் தெரியாது. மூன்று மாதப் படங்களை அடுத்தடுத்து வைத்தால் தெரியும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறோம், பிறகு பதறாமல் இருக்க. நெடுநாள் சும்மா இருந்த மருக்கள் திடீரென்று ஒரு வாரத்தில் சிவந்து, தடித்து, அரிக்கத் தொடங்கலாம். இதுவரை கண்ணில் படாதவையும் சிவந்து தெரிவதால் எண்ணிக்கை இரட்டித்ததுபோல இருக்கும். பெற்றோர் ஓடிவருவது இந்தச் சமயத்தில்தான். உண்மையில் இது நல்ல சேதி. உடம்பின் எதிர்ப்புச் செல்கள் கடைசியில் வைரஸைக் கண்டுகொண்டுவிட்டன. சில வாரங்களில் செதில் உதிர்ந்து, பெரும்பாலும் எல்லாம் சேர்ந்தாற்போலப் போய்விடும். சில பிள்ளைகளுக்கு மரு இருந்த இடத்தைச் சுற்றி வெளிறிய வளையம் கொஞ்ச காலம் நிற்கும். இந்த நேரத்தில் "அலர்ஜி" என்று ஸ்டீராய்டு களிம்பு பூசினால், வேலை செய்யத் தொடங்கிய எதிர்ப்பை நீங்களே அமர்த்திவிடுகிறீர்கள். அரிப்பு தாங்கவில்லை என்றால் ஈரத்துணி ஒத்தடமும் சாதாரண மாய்ஸ்சரைசரும் போதும்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. மருக்கள் மாதா மாதம் பெருகிக்கொண்டே போனாலோ, முகத்தில் பரவிப் பிள்ளை பள்ளிக்குப் போகவே கூசினாலோ, உறுப்பு மாற்று, புற்றுநோய் சிகிச்சை, நீண்டகால ஸ்டீராய்டு, எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தாலோ வைத்தியம் தேவை.

கேள்வி: எனக்குப் பதினாறு வயது. ஒரு வருடமாக ஷேவ் செய்கிறேன். தாடையின் இரு பக்கமும் பழுப்பு நிறத்தில் வரிசை வரிசையாக மரு வந்துவிட்டது. கிரீம் போட்டும் புதிது புதிதாக வருகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

பதில்: தப்பு ரேசரில் இருக்கிறது, தம்பி. பிளேடு ஒரு மருவின் தலையைச் சீவி, அந்த வைரஸை அடுத்த அங்குலத்தில் போடும் நுண்ணிய கீறலுக்குள் வைத்துத் தேய்க்கிறது. உன் மருக்கள் பிளேடு ஓடும் திசையிலேயே வரிசையாக நிற்பதைக் கண்ணாடியில் பார். கிரீம் பத்தை அழிப்பதற்குள் பிளேடு பதினைந்தை விதைத்துவிடும். எந்த மருந்தும் இந்தப் போட்டியில் ஜெயிக்காது.

முதல் வேலை, பிளேடு ஷேவிங்கை நிறுத்து. தாடியைத் தோலோடு ஒட்டி எடுக்காமல், காப்புச் சீப்பு மாட்டிய டிரிம்மரால் 1, 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள். கடைசி மரு மறைந்த பிறகும் இரண்டு, மூன்று மாதம் இப்படியே இரு. மரு தெரியாத தோலிலும் வைரஸ் ஒளிந்திருக்கும். எலக்ட்ரிக் ஷேவரும் தோலை உரசத்தான் செய்யும், அதனால் அது மாற்று வழியாகாது.

ஷேவ் செய்தே தீர வேண்டிய நாள் வந்தால், மரு இல்லாத பகுதியை முதலில் எடு, மரு உள்ள பகுதியைக் கடைசியில் தொடு. நுரையைத் தாராளமாகப் போட்டு, முடி வளரும் திசையிலேயே ஒரே ஒரு இழுப்பு. எதிர்த்திசையில் இரண்டாவது முறை இழுக்காதே. அந்த பிளேடை அன்றே எறிந்துவிடு. மருவின் மேல் ஆஃப்டர்ஷேவ் தடவுவதால் வைரஸ் சாகாது. இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, அதனால் ஆல்கஹால் அதை எளிதில் ஒன்றும் செய்வதில்லை. அதே காரணத்தால் சானிடைசரையும் நம்பாமல் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. பருவுக்காக ஸ்க்ரப் வைத்து முகத்தைத் தேய்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடு.

பெண் பிள்ளைகளுக்கு இதே கதை த்ரெட்டிங்கிலும் வாக்ஸிங்கிலும் நடக்கிறது. புருவத்துக்கு மேலும் மேலுதட்டிலும் கோடுகோடாக மரு வந்தால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: பதின்மூன்று வயது மகளுக்கு ட்ரெட்டினாயின் 0.05 சதவீதக் கிரீம் எழுதித் தந்தார்கள். ஒரே வாரத்தில் முகம் சிவந்து தோல் உரிந்தது. பயந்து நிறுத்திவிட்டோம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: பெரும்பாலும் மருந்தில் பிரச்சினை இருக்காது, போட்ட அளவிலும் வேகத்திலும்தான் இருக்கும். ட்ரெட்டினாயினும் அடாபலீனும் வைட்டமின் 'ஏ' குடும்பத்தைச் சேர்ந்தவை. மேல்தோல் செல்கள் சீக்கிரம் மேலேறி உதிரும்படி செய்து, மருவைத் தட்டிக் கரைப்பதும், லேசான அழற்சியை உண்டாக்கி எதிர்ப்புச் செல்களை எழுப்புவதும் இவற்றின் வேலை. ஆக, கொஞ்சம் சிவப்பதும் உரிவதும் எதிர்பார்த்ததே. எரிந்து, நீர் கசிந்து, கண் வீங்கினால்தான் அளவு மீறியது. இவை அங்கீகாரம் பெற்றது பருவுக்கு. தட்டை மருவுக்குத் தருவது மருத்துவரின் அனுபவத் தேர்வு. பெட்டிக்குள் இருக்கும் தாளில் மரு என்ற பேச்சே இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

நான்கைந்து நாள் எதுவும் போடாமல், மாய்ஸ்சரைசர் மட்டும் பூசித் தோலை ஆறவிடுங்கள். பிறகு மருத்துவரிடம் கேட்டு 0.025 சதவீதக் கிரீமுக்கோ 0.1 சதவீத அடாபலீன் ஜெல்லுக்கோ மாறலாம். அடாபலீன் எரிச்சல் குறைவாகத் தரும்; வெளிச்சத்தில் சீக்கிரம் கெடவும் கெடாது.

இரவில் மென்மையான சோப்போ ஃபேஸ்வாஷோ போட்டுக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். இருபது நிமிடம் பொறுங்கள். இந்த இருபது நிமிடத்தைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். ஈரத் தோல் மருந்தை அதிகமாக உள்ளே இழுக்கும், எரிச்சலின் பாதி அதனால் வருவது. முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. நெற்றி மட்டும் என்றால் அதில் பாதிக்கும் குறைவு. விரல் நுனியால் புள்ளி புள்ளியாக வைத்து, மருவும் அதைச் சுற்றியுள்ள தோலும் சேர்த்து மெல்லிசாகப் பரப்புங்கள். மருவின் தலையில் மட்டும் குச்சியால் வைத்தால், பக்கத்தில் இன்னும் தெரியாமல் இருக்கும் தொற்று தப்பித்துவிடும். கண் இமை, மூக்கோரம், வாய்க்கோடி ஆகியவற்றை விட்டுவிடுங்கள். வேண்டுமானால் அந்த இடங்களில் முன்கூட்டியே வாஸ்லின் தடவிவிட்டால் மருந்து வழிந்து போய்ச் சேராது. பத்து நிமிடம் கழித்து மேலே மாய்ஸ்சரைசர். கையைக் கழுவுங்கள்.

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு, அடுத்த இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு இரவு, தோல் தாங்கினால் பிறகு தினமும். தாங்காவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு இரவோடு நின்றுகொள்ளுங்கள், பலன் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே. பகலில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் கட்டாயம். வெளியில் விளையாடினால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் போட வேண்டும். பருவுக்கான பென்சாயில் பெராக்சைடை ட்ரெட்டினாயினோடு ஒரே வேளையில் கலந்து போடாதீர்கள். அது மருந்தைச் சிதைத்துவிடும். இந்தக் காலத்தில் முகத்தில் வாக்ஸிங் வேண்டவே வேண்டாம், மேல்தோல் அப்படியே பெயர்ந்து வந்துவிடும்.

பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். முதல் மாதம் முகம் முன்பைவிட மோசமாகத் தெரியும் என்பதை மகளிடம் ஆரம்பத்திலேயே சொல்லி வையுங்கள். சொல்லாததால் மூன்றாவது வாரத்தில் டியூபைத் தூக்கி எறிகிற பிள்ளைகள் ஏராளம். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் அசையவில்லை என்றால் வேறு மருந்துக்குப் போகலாம். கர்ப்பமாக இருக்கும்போதோ அதற்கு வாய்ப்பு இருக்கும்போதோ இந்தக் குடும்பத்து மருந்துகள் கூடாது. வீட்டில் வேறு யாரும் அதே டியூபைப் பங்குபோட வேண்டாம்.

கேள்வி: கால் ஆணிக்குப் போடும் திரவத்தை மகனின் கன்னத்து மருவில் வைத்தேன். புண்ணாகி, இப்போது கறுத்துக் கிடக்கிறது. மறையுமா?

பதில்: புண் ஆழமாகப் போகவில்லை என்றால் மறையும், ஆனால் மாதக்கணக்காகும். அந்தத் திரவத்தில் இருப்பது 17 சதவீதம் போல சாலிசிலிக் அமிலம். பலவற்றில் அதோடு லாக்டிக் அமிலமும் சேர்ந்திருக்கும். பாதத்தின் தடித்த தோலில் மில்லிமீட்டர் கணக்கில் புதைந்த மருவுக்குச் செய்த கலவை அது. முகத்துத் தட்டை மருவோ தோல் மட்டத்துக்குச் சற்றே மேலே இருப்பது. அமிலம் மருவைத் தாண்டி நல்ல தோலைத்தான் எரிக்கிறது. திரவம் வழிந்து காய்ந்து படலமாகிவிடுவதால், பக்கத்துத் தோலிலும் உட்கார்ந்துவிடும்.

பொருக்கு இருந்தால் பிய்க்காதீர்கள். வாஸ்லினை மெல்லிசாகத் தடவி ஈரமாக வைத்திருங்கள். புண் ஆறியதும் தினமும் சன்ஸ்கிரீன். வெயில் பட்டால் கறுப்பு இன்னும் ஆழமாகிவிடும். நிறத்தைச் சீக்கிரம் போக்க என்று வெள்ளையாக்கும் கிரீம் எதையும் இப்போது தொடாதீர்கள். பூண்டு, வினிகர், செடிகளின் பால், சுண்ணாம்பு கலந்த பூச்சு எல்லாமே இதே வேலையைத்தான் செய்யும், அளவுகூடத் தெரியாமல். கன்னத்தில் வட்டமான தீக்காயத்தோடு வரும் பிள்ளைகளில் பலருக்கு ஆரம்பத்தில் இருந்தது, விட்டிருந்தால் போயிருக்கக்கூடிய மரு.

கேள்வி: பதினான்கு வயது மகளுக்கு இரண்டு கன்னத்திலும் மரு. உறைய வைத்தோ, சுட்டோ, லேசரிலோ ஒரே நாளில் எடுத்துவிட முடியாதா?

பதில்: எடுக்கலாம். ஆனால் மருவோடு நிறமும் போய்விடும் அபாயம் உண்டு. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. தோலின் மற்ற செல்கள் சாவதற்கு மைனஸ் 20, 30 டிகிரி வரை இறங்க வேண்டும். நிறம் தரும் மெலனோசைட் செல்களோ மைனஸ் 5 டிகிரியை ஒட்டியே சேதமாகத் தொடங்கிவிடும். அதனால் மரு தப்பித்து, நிறம் மட்டும் போய், மாநிறமும் கருநிறமுமான தோலில் வெள்ளைப் புள்ளிகள் நிற்பது உண்டு. பழகிய கை என்றால், பஞ்சுக் குச்சியை நனைத்துச் சில விநாடி மட்டும் தொட்டு எடுப்பார். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சில தடவைகள் போக வேண்டியிருக்கும். வீட்டில் பயன்படுத்த விற்கும் உறைய வைக்கும் ஸ்ப்ரே முகத்துக்கானதல்ல.

மின்சாரத்தால் சுடும் முறையில், தோலை மரத்துப்போக வைக்கும் களிம்பைத் தடவி மேலே மூடி ஒரு மணி நேரம் வைத்த பிறகு, மிகக் குறைந்த சக்தியில் மருவின் தலையை மட்டும் லேசாகக் கருக்கித் துடைக்க வேண்டும். அழுத்தினால் குழித் தழும்பு. அந்தப் புகையிலும் வைரஸின் மரபணு இருக்கும் என்பதால் புகை உறிஞ்சியும் முகக் கவசமும் வேண்டும். முன்பின் தெரியாத அழகு நிலையத்தில் பேனா மாதிரியான கருவியால் ஐம்பது இடத்தில் சுட்டுக்கொள்வதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம். லேசரும் இதே கணக்குத்தான்.

எந்த முறையில் எடுத்தாலும் சுற்றியுள்ள தோலில் வைரஸ் மிச்சம் இருக்கும், மரு திரும்பி வரலாம். ஐந்தாறு மரு, நிலையாக இருக்கிறது, பிள்ளையே கேட்கிறாள் என்றால் செய்யலாம். முதலில் காதோரம் ஒன்றிரண்டில் செய்து பார்த்து, ஆறு வாரம் கழித்து நிறம் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு மற்றவற்றைத் தொடச் சொல்லுங்கள். இரு கன்னமும் நிறைய என்றால் கிரீமே மேல்.

கேள்வி: முகம் வெளுக்க ஒரு கிரீமை ஆறு மாதம் போட்டாள் என் மகள். அதற்குப் பிறகு நாலு மருவாக இருந்தது நாற்பதாகிவிட்டது. தொடர்பு இருக்குமா?

பதில்: இருக்கும். டியூபின் மேல் பீட்டாமெதசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசோல், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். எல்லாம் ஸ்டீராய்டு. அந்த இடத்தில் நோய் எதிர்ப்பை அடக்குவதுதான் அதன் வேலை, வைரஸுக்கு அதைவிட வேறு வசதி வேண்டாம். பேரே அச்சிடாத கிரீமாக இருந்தால் சந்தேகம் இன்னும் அதிகம்.

நிறுத்த வேண்டும், ஆனால் ஆறு மாதம் போட்டதைச் சட்டென்று விட்டால் முகம் சிவந்து எரிந்து, பருவும் கொப்பளிக்கலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வழி சொல்வார். அந்த எரிச்சல் அடங்கிய பிறகே மருவுக்கான கிரீமைத் தொடங்க வேண்டும். எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் அழற்சிக்காக ஸ்டீராய்டு போடும் பிள்ளைகளுக்கு மருந்தை நிறுத்த வேண்டாம். மரு உள்ள இடத்தை விட்டுப் பூசுங்கள்.

கேள்வி: எச்.பி.வி. என்றால் கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் வைரஸ் அல்லவா? பத்து வயதுப் பெண்ணுக்கு அது எப்படி? தடுப்பூசி போட்டால் மரு போகுமா?

பதில்: குடும்பப் பெயர் ஒன்று, ஆள் வேறு. புற்றுநோயோடு முக்கியமாகத் தொடர்புடையவை 16, 18 முதலிய வகைகள். முகத்துத் தட்டை மருவைத் தரும் 3-ம் 10-ம் அந்தக் கூட்டத்தில் இல்லை. இது கை பட்டு, துண்டு பட்டு வருவது. பாலியல் தொடர்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்பது வகைகளுக்கான தடுப்பூசி 6, 11, 16, 18, 31, 33, 45, 52, 58 ஆகியவற்றைத் தடுக்கும். பட்டியலில் 3, 10 கிடையாது. அதனால் மரு போவதற்காக அதைப் போட வேண்டியதில்லை. ஆனால் புற்றுநோய்த் தடுப்புக்காக 9 வயதிலிருந்து போடக்கூடிய ஊசி அது, அந்தக் காரணத்துக்காகத் தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி: மூன்று வருடமாகிறது. ட்ரெட்டினாயின், அடாபலீன் இரண்டும் போட்டாகிவிட்டது. பதினைந்து வயது மகனுக்கு இன்னும் போகவில்லை. அடுத்து என்ன?

பதில்: முதலில் மருதானா என்று மறுபடி பார்க்க வேண்டும். அடுத்து, போட்டது உண்மையிலேயே மூன்று மாதம் தொடர்ச்சியாகவா, ஷேவிங் நின்றதா என்று கேட்க வேண்டும். "பலிக்கவில்லை" என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும்.

இவை சரி என்றால் இமிக்விமாட் 5 சதவீதக் கிரீம் ஒரு வழி. வாரத்தில் மூன்று இரவு மெல்லிசாகத் தடவி, எட்டு மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். எதிர்ப்புச் செல்களை அந்த இடத்துக்கு வரவழைப்பது இது. சிவந்து பொருக்குத் தட்டுவது இயல்பு. காய்ச்சல், உடல்வலி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 5-ஃப்ளூரோயுராசில் கிரீமும் பலன் தரும், ஆனால் கருந்திட்டு விடும் வாய்ப்பு அதிகம். முகத்தில் அது எங்கள் முதல் தேர்வல்ல. மருவுக்குள் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி மருந்து, கேண்டிடா என்ற பூஞ்சையிலிருந்து எடுத்த ஆன்டிஜென், வைட்டமின் டி3 ஆகியவற்றில் ஒன்றைச் சிறிய அளவு செலுத்தி உடம்பின் எதிர்ப்பைத் தட்டி எழுப்பும் முறையும் உண்டு. தட்டை மருவுக்குள் ஊசி இறக்குவது கடினம் என்பதால், கையிலோ காலிலோ தடித்த மரு ஒன்று இருந்தால் அதில் போடுவார்கள். அது வேலை செய்தால் தொடாத முகத்து மருக்களும் சேர்ந்து மறையும்.

துத்தநாக மாத்திரைக்கும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடின் மாத்திரைக்கும் ஆய்வுகளில் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளே வந்திருக்கின்றன. அதிக அளவு துத்தநாகம் குமட்டும், நீண்ட நாள் எடுத்தால் ரத்தத்தில் செம்பு குறையும். எந்த மாத்திரைக்கும், எந்த மந்திரத்துக்கும் "எனக்குப் போய்விட்டது" என்று சாட்சி சொல்ல ஆள் கிடைப்பார்கள். தானாகப் போகிற நோய்க்கு அதுதான் சிக்கல்.

ஒரு எச்சரிக்கை. சிறு வயதிலிருந்தே உடம்பு முழுக்கத் தட்டை மரு, மார்பிலும் முதுகிலும் தேமல் போன்ற செதில் திட்டுகள், பெற்றோர் உறவுமுறைக்குள் மணந்தவர்கள் என்று மூன்றும் சேர்ந்தால், எபிடெர்மோடிஸ்ப்ளேசியா வெருசிஃபார்மிஸ் என்ற அரிய பரம்பரை நோயா என்று பார்க்க வேண்டும். அதில் வெயில் படும் இடங்களில் இளமையிலேயே தோல் புற்றுநோய் வரக்கூடும். எதிர்ப்புச் சக்திக்கான ரத்தப் பரிசோதனையும் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தேவைப்படும்.

கேள்வி: மரு உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா? தம்பி தங்கைகளைத் தனியாகப் படுக்க வைக்க வேண்டுமா?

பதில்: அனுப்பலாம், விளையாட விடலாம். தனிப் படுக்கை வேண்டாம். துண்டு, ரேசர், நகவெட்டி, மேக்கப் பஞ்சு, பிரஷ் இவை மட்டும் தனியாக இருக்கட்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கிள்ளுகிற பழக்கம் உள்ள பிள்ளைக்குப் புறங்கை மருவின் மேல் இரவில் ஒரு பிளாஸ்டர் ஒட்டலாம். மல்யுத்தம் போலத் தோலோடு தோல் உரசும் விளையாட்டு என்றால் மருவை மூடிவிட்டு அனுப்புங்கள். தம்பிக்கும் ஏற்கெனவே தொற்றியிருந்தால், அது வெளியே தெரிய மாதங்கள் ஆகும். அவன் கையையும் மாதம் ஒருமுறை அதே பக்கவாட்டு டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள்.